கொள்கலன் கொத்தணிகளில் வெளிச்செல் போக்குவரத்தை முகவரி வீச்சுகளால் கட்டுப்படுத்துதல்: பயனும் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

மென்பொருள்களைக் கொள்கலன்களில் பொதிந்து, பல கணினிகள் இணைந்த கொத்தணிகளில் இயக்கும் முறை இன்று பரவலாகியுள்ளது. அத்தகைய கொத்தணியிலிருந்து வெளியே செல்லும் இணைப்புகளை ஐ.பி. முகவரி வீச்சுகளின் துணையோடு கட்டுப்படுத்தும் முறையைக் குபெர்னெட்டீஸ் தளத்தை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது. முகவரி வீச்சு ஓர் இடத்தைச் சுட்டும். அவ்விடத்தில் இருப்பவர் யார் என்பதைச் சுட்டாது. இவ்வியல்பிலிருந்தே அம்முறையின் வலிமையும் குறையும் பிறக்கின்றன என்பதை நிறுவுவதும், எங்கு அதனைச் சார்ந்திருக்கலாம், எங்கு வேறு கருவியை நாடவேண்டும் என்பதை வரையறுப்பதும் கட்டுரையின் நோக்கங்களாகும்.

திறவுச் சொற்கள்: கொள்கலன், கொத்தணி, குபெர்னெட்டீஸ், பிணையக் கொள்கை, முகவரி வீச்சு, வெளிச்செல் போக்குவரத்து.

முன்னுரை

கணினிப் பிணையப் பாதுகாப்பு என்றதும் வெளியிலிருந்து உள்ளே வருவதைத் தடுப்பதே பெரும்பாலும் நினைவுக்கு வரும். உள்ளிருந்து வெளியே செல்வது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. ஆனால் பல தாக்குதல்கள் முழுமை பெறுவதற்கு வெளிச்செல் இணைப்பு ஒன்று தேவைப்படுகிறது. 2021 டிசம்பரில் வெளிப்பட்ட லாக்4ஷெல் குறைபாடு இதற்குத் தக்க சான்றாகும். ஜாவா மொழியில் எழுதப்பட்ட எண்ணற்ற செயலிகள் பயன்படுத்தும் அப்பாச்சி லாக்4ஜே நூலகத்தில் அக்குறைபாடு இருந்தது. தாக்குபவர் அனுப்பும் ஒரு சொற்றொடரைச் செயலி தன் பதிவேட்டில் எழுத முற்படும்போது, அச்சொற்றொடர் சுட்டும் வெளி வழங்கியைச் செயலி தானே தொடர்பு கொள்ளும். அங்கிருந்து பெறும் நிரலை இயக்கும். செயலி தொடங்கும் அந்த வெளிச்செல் இணைப்பு தடுக்கப்பட்டிருப்பின், தாக்குதலின் பொதுவான வடிவம் இரண்டாம் படியிலேயே நின்றுவிடும்.

2019இல் வெளிப்பட்ட கேப்பிட்டல் ஒன் வங்கித் தரவுக் கசிவு மற்றொரு சான்றாகும். அமெரிக்காவில் ஏறத்தாழ 10 கோடிப் பேரின் விவரங்களும் கனடாவில் ஏறத்தாழ 60 இலட்சம் பேரின் விவரங்களும் அதில் வெளியாயின. மேகக் கணினி ஒன்று, தனக்குரிய அணுக்கச் சான்றுகளைப் பெறும் உள்முகவரியைப் பிறர் ஏவலால் அணுகியதே அக்கசிவுக்கு வழிவகுத்தது. அது கொள்கலன் கொத்தணியில் நிகழ்ந்ததன்று. ஆயினும் மேகத்தில் இயங்கும் கொத்தணிகளிலும் அத்தகைய முகவரி உண்டு என்பதால் அந்நிகழ்வு ஈண்டுப் பொருந்தும்.

1. கொத்தணியின் இயல்பு நிலை

கூகுள் நிறுவனம் 2014இல் வெளியிட்ட குபெர்னெட்டீஸ், கொள்கலன்களை நிருவகிக்கும் திறமூலத் தளமாகும். அதில் கொள்கலன்கள் ‘பாட்’ எனப்படும் அலகுகளாக இயங்குகின்றன. ஒவ்வோர் அலகுக்கும் தனி ஐ.பி. முகவரி உண்டு. அலகு அழிந்து மீண்டும் உருவாகும்போது அம்முகவரி மாறிவிடும். அலகுகளைத் தாங்கும் கணினி ‘கணு’ எனப்படும்.

இயல்பு நிலையில் எந்த அலகும் எந்த முகவரியையும் அணுகலாம். இந்நிலையை மாற்றுவது ‘பிணையக் கொள்கை’ என்னும் ஆவணமாகும். ஓர் அலகைத் தேர்ந்தெடுத்து, அதன் வெளிச்செல் போக்குவரத்துக்கு ஒரு கொள்கை விதிக்கப்பட்டதும் அவ்வலகு தனிமைப்படுத்தப்படும். அதன்பின் வெளிப்படையாக அனுமதிக்கப்பட்டவை மட்டுமே வெளியே செல்லும். வெளிச்செல் விதிகளும், முகவரி வீச்சைக் குறிக்கும் ‘ஐபிபிளாக்’ என்னும் கூறும் 2017இல் வெளியான 1.8 பதிப்பில் சேர்க்கப்பட்டன.

இக்கொள்கையைக் குபெர்னெட்டீஸ் தானே செயற்படுத்துவதில்லை. கொத்தணியில் நிறுவப்பட்டுள்ள பிணையச் செருகியே செயற்படுத்துகிறது. காலிகோ, சிலியம் ஆகியன இத்திறன் உடையவை. ஃபிளானல் மட்டும் தனியே நிறுவப்பட்ட கொத்தணியில் கொள்கை ஏற்றுக்கொள்ளப்படும்; பட்டியலிலும் காணப்படும்; ஆனால் எதனையும் தடுக்காது. பிழைச் செய்தியும் தோன்றாது. ஆகவே, கொள்கை எழுதப்பட்டுள்ளது என்பதைக் கொண்டு கட்டுப்பாடு உள்ளது என முடிவு செய்தல் இயலாது.

2. முகவரி வீச்சு: வரையறையும் கணக்கும்

முகவரி வீச்சுகளை இன்று நாம் எழுதும் முறை 1993இல் வரையறுக்கப்பட்டது. 32 இருமங்கள் கொண்ட முகவரியில் முதல் எத்தனை இருமங்கள் மாறாதவை என்பதைச் சாய்கோட்டுக்குப் பின்வரும் எண் காட்டுகிறது. 203.0.113.0/24 என்பதில் 24 இருமங்கள் நிலையானவை. எஞ்சிய 8 இருமங்களால் 256 முகவரிகள் அமைகின்றன. /32 என்பது ஒரே முகவரியைக் குறிக்கும். 0.0.0.0/0 என்பது நான்காம் பதிப்பு முகவரிகள் அனைத்தையும் குறிக்கும்.

தனியார் பயன்பாட்டுக்கென 1996இல் ஆர்.எஃப்.சி. 1918 மூன்று வீச்சுகளை ஒதுக்கியது. 10.0.0.0/8 என்பதில் 1,67,77,216 முகவரிகளும், 172.16.0.0/12 என்பதில் 10,48,576 முகவரிகளும், 192.168.0.0/16 என்பதில் 65,536 முகவரிகளும் உள்ளன. இரண்டாவது வீச்சு 172.31.255.255 வரை நீள்கிறது. அதனை 172.16.0.0/16 எனக் குறுக்கி எழுதினால், பதினாறில் ஒரு பங்கு மட்டுமே விதிக்குள் அடங்கும், எஞ்சியவை விடுபட்டுப்போகும்.

ஆறாம் பதிப்பு முகவரிகளுக்குத் தனி விதி வேண்டும். 0.0.0.0/0 அவற்றை உள்ளடக்காது; அவை அனைத்தையும் குறிப்பது ::/0 ஆகும். இருவகை முகவரிகளும் வழங்கும் கொத்தணியில் நான்காம் பதிப்புக்கு மட்டும் மறுப்பு விதி எழுதினால், மற்றொரு வாயில் திறந்தே இருக்கும்.

3. விதி செயற்படும் முறை

ஐபிபிளாக் கூறில் இரு பகுதிகள் உள்ளன. ஒன்று, அனுமதிக்கப்படும் வீச்சு. மற்றொன்று, அதனுள் அடங்கிய விலக்குகள். எடுத்துக்காட்டாக, ‘0.0.0.0/0 அனுமதி, 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16, 169.254.169.254/32 ஆகியன விலக்கு’ என எழுதினால், அலகு பொது இணையத்தை அணுகலாம். நிறுவனத்தின் உட்பிணையத்தை அணுக இயலாது. இறுதியாக உள்ள முகவரி, அமேசான், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகியவற்றின் மேகங்களில் கணினி தன்னைப் பற்றிய விவரங்களையும் அணுக்கச் சான்றுகளையும் பெறும் முகவரியாகும்.

இங்கு 169.254.0.0/16 முழுவதையும் விலக்குதல் எளிது எனத் தோன்றலாம். ஆனால் பெயரை முகவரியாக மாற்றித்தரும் டி.என்.எஸ். சேவையின் கணுவழித் தற்காலிகச் சேமிப்பு வழக்கமாக 169.254.20.10 என்னும் முகவரியில் இயங்குகிறது. வீச்சு முழுவதையும் விலக்கினால் பெயர்த் தேடலும் தடைப்படக்கூடும். தேவைக்கு மிகாத வீச்சைத் தெரிவு செய்தல் இதனாலேயே முதன்மை பெறுகிறது. கொத்தணியின் பொதுவான டி.என்.எஸ். சேவையும் பெரும்பாலும் தனியார் வீச்சிலேயே அமைந்திருக்கும். ஆதலால் 53ஆம் துறைக்கு யு.டி.பி., டி.சி.பி. ஆகிய இரு நெறிமுறைகளிலும் தனி அனுமதி வேண்டும். அவ்வனுமதியை அந்த அலகுகளின் லேபிளைக் கொண்டு எழுதுதல் நன்று.

அனுமதிக்கப்பட்ட இணைப்புக்கான மறுமொழி தானாகவே அனுமதிக்கப்படுகிறது. வெளியிலிருந்து ஒருவர் தொடங்கிய இணைப்புக்கு அலகு தரும் மறுமொழியையும் வெளிச்செல் விதி தடுப்பதில்லை. அவ்வழியே தரவு வெளியேறுவதைத் தடுக்க உள்வரும் போக்குவரத்துக்கான விதிகளே துணைபுரியும்.

4. விலக்கு என்பது மறுப்பன்று

பிணையக் கொள்கையைப் பயில்வோர் அதிகம் தடுமாறும் இடம் இது. குபெர்னெட்டீஸ் பிணையக் கொள்கையில் மறுப்பு விதி என ஒன்றில்லை. ஓர் அலகுக்குப் பல கொள்கைகள் பொருந்தும்போது அவற்றின் அனுமதிகள் அனைத்தும் ஒன்றுசேரும். விலக்கு என்பது, ‘இந்த அனுமதி அவ்வீச்சுக்கு நீளாது’ என்று மட்டுமே பொருள்படும். ‘எந்த அனுமதியும் அவ்வீச்சுக்கு நீளாது’ என அது பொருள்படாது.

மேற்கண்ட கொள்கையைப் பாதுகாப்பு அலுவலர் எழுதியிருப்பதாகக் கொள்வோம். அதே பெயர்வெளியில் செயலி உருவாக்குநர் ஒருவர், தம் செயலி வெளித்தளம் ஒன்றை அணுகவில்லை எனக் கண்டு, 0.0.0.0/0 முழுமைக்கும் அனுமதி தரும் இரண்டாம் கொள்கையை எழுதுகிறார். அக்கணமே முதற்கொள்கையின் நான்கு விலக்குகளும் பயனற்றுப் போகின்றன. முதற்கொள்கையில் ஓர் எழுத்தும் மாறியிருக்காது. அதனை மட்டும் தணிக்கை செய்பவர்க்குக் குறை எதுவும் புலப்படாது.

உறுதியான மறுப்பு தேவைப்படுவோர் செருகிகள் தரும் விரிவான கொள்கைகளை நாடவேண்டும். காலிகோவின் கொத்தணி முழுமைக்குமான கொள்கையில் வரிசை எண்ணும் மறுப்புச் செயலும் உண்டு. ஓப்பன்ஷிஃப்ட் தளத்தின் வெளிச்செல் தீச்சுவரில் விதிகள் மேலிருந்து கீழாக ஒப்பிடப்படுகின்றன. முதலில் பொருந்தும் விதியே செல்லும். இத்தகைய கொள்கைகளை மாற்றும் உரிமையைச் செயலி உருவாக்குநர்க்கு வழங்காமல் நிருவாகியிடம் வைத்துக்கொள்ளலாம் என்பதும் அவற்றின் நன்மையாகும்.

5. முகவரி மாறும் இடங்கள்

முகவரியை ஒப்பிடும் விதி, எக்கட்டத்தில் ஒப்பிடுகிறது என்பதைப் பொறுத்து வேறுபட்ட விளைவைத் தரும். கொத்தணிக்குள் ‘சர்வீஸ்’ எனப்படும் மெய்நிகர் முகவரிக்கு அனுப்பப்படும் தரவுப் பொதி, வழியில் ஏதேனும் ஓர் அலகின் மெய்முகவரிக்கு மாற்றி எழுதப்படுகிறது. ஒப்பீடு அம்மாற்றத்துக்கு முன்னரா பின்னரா என்பதைக் குபெர்னெட்டீஸ் வரையறுக்கவில்லை. சர்வீஸ் முகவரியை அனுமதிக்கும் விதி ஒரு கொத்தணியில் வேலை செய்து மற்றொன்றில் தவறுவது இதனாலாகும்.

செருகிகளுக்கிடையேயும் வேறுபாடு உண்டு. சிலியம், தான் நிருவகிக்கும் அலகுகளை முகவரியால் அன்றி அடையாளத்தால் அறிகிறது. ஆகவே அதன் முகவரி வீச்சு விதிகள் இயல்பாக அவ்வலகுகளுக்குப் பொருந்துவதில்லை. கொத்தணிக்குள் இருப்பவற்றை லேபிளாலும் வெளியே இருப்பவற்றை முகவரி வீச்சாலும் சுட்டுதல் என்னும் நெறியைப் பின்பற்றினால் இச்சிக்கல்களுள் பெரும்பாலானவை எழா.

பொதி கொத்தணியை விட்டு வெளியேறும்போது அதன் புறப்பாட்டு முகவரியும் பொதுவாகக் கணுவின் முகவரியாக மாற்றப்படுகிறது. எனவே அப்பால் உள்ள நிறுவனத் தீச்சுவர், எந்த அலகு அனுப்பியது என அறிய இயலாது. குறிப்பிட்ட அலகுகளுக்கு நிலையான புறப்பாட்டு முகவரி வழங்கும் வெளிச்செல் நுழைவாயில்கள் இக்குறையை நீக்கப் பயன்படுகின்றன. மாறாக, கணுவின் பிணையத்தையே பகிர்ந்துகொள்ளும் அலகுகளுக்குப் பிணையக் கொள்கை பொருந்தும் என எதிர்பார்க்கலாகாது.

6. பொது முகவரிகளும் பெயர்களும்

நிறுவனத்தின் சொந்தத் தரவு மையம், கூட்டு நிறுவனம் ஒன்றின் நிலையான வீச்சு ஆகியவற்றுக்கு முகவரி விதி மிகப் பொருத்தமானது. பொது மேகத்தில் நிலைமை வேறு. அமேசான் தன் சேவைகளின் முகவரி வீச்சுகளை இயந்திரம் படிக்கும் வடிவில் வெளியிடுகிறது. அப்பட்டியலிலிருந்து எஸ்3 சேமிப்புச் சேவையின் வீச்சுகளை அனுமதித்தால், நம் சேமிப்புக் கலத்தோடு, அச்சேவையைப் பயன்படுத்தும் ஏனையோர் கலங்களும் எட்டக்கூடியவையாகின்றன. தாக்குபவரின் கலமும் அதே வீச்சில்தான் இருக்கும். தரவு திருடுவோர்க்கு அவ்விதி தடையாகாது. மேலும் அப்பட்டியல் அவ்வப்போது மாறுவதால், விதிகளையும் தொடர்ந்து புதுப்பித்தல் வேண்டும்.

இத்தகைய இடங்களில் பெயரை அடிப்படையாகக் கொண்ட விதிகள் உதவும். சிலியம், அலகு பெறும் டி.என்.எஸ். மறுமொழிகளைக் கவனித்து, அனுமதிக்கப்பட்ட பெயருக்கு உரிய முகவரிகளை மட்டும் திறக்கிறது. எனினும் இதுவும் இறுதியில் முகவரியையே ஒப்பிடுகிறது. ஒரே முகவரியைப் பல தளங்கள் பகிர்ந்துகொண்டால், ஒன்றைத் திறப்பது மற்றவற்றையும் திறப்பதாகும். கோரிக்கையையே படித்து முடிவு செய்யும் பதிலி வழங்கி இன்னும் நுட்பமானது. ஆனால் அலகுகள் அதனைச் சுற்றிச் செல்லாதிருக்க, பதிலி வழங்கியைத் தவிர ஏனைய வழிகளை மூடும் பிணைய விதி ஒன்று வேண்டும். நுட்பமான கருவியும் இவ்வகையில் எளிய விதியையே சார்ந்து நிற்கிறது.

அனைத்தையும் மூடி டி.என்.எஸ். வழியை மட்டும் திறந்துவைத்தாலும் ஒரு சிறு கசிவு எஞ்சும். தேடப்படும் பெயருக்குள்ளேயே தரவைப் பொதிந்து அனுப்பினால், கொத்தணியின் டி.என்.எஸ். சேவை அதனை வெளி வழங்கிக்குக் கொண்டுசேர்க்கும். அதனைத் தடுக்க, தேடத்தகும் பெயர்களையும் வரையறுத்தல் வேண்டும்.

7. நடைமுறை ஒழுங்கு

மேற்கண்டவற்றிலிருந்து ஓர் ஒழுங்கைப் பெறலாம். முதலில், அலகுகள் உண்மையில் எவற்றை அணுகுகின்றன என்பதைச் சில காலம் பதிவு செய்து அறிதல் வேண்டும். அடுத்து, அணுக்கச் சான்று முகவரியையும் தேவையற்ற உட்பிணைய வீச்சுகளையும் நிருவாகியின் மறுப்பு விதியால் அடைத்தல் வேண்டும். பின்னர் ஒவ்வொரு பெயர்வெளியிலும் வெளிச்செல்லை முழுவதும் மூடி, டி.என்.எஸ். அனுமதியையும் நிலையான வீச்சுகளையும் சேர்த்தல் வேண்டும். மாறும் முகவரிகளைப் பெயர்விதிக்கோ பதிலி வழங்கிக்கோ விடுதல் வேண்டும்.

இறுதியாகச் சோதனை. அனுமதிக்கப்பட்ட இணைப்பு செல்கிறதா என்பதோடு, மறுக்கப்பட்ட இணைப்பு நிற்கிறதா என்பதையும் அலகுக்குள்ளிருந்தே முயன்று பார்த்தல் வேண்டும். முன்னரே திறந்திருந்த இணைப்புகள் புதிய விதியால் துண்டிக்கப்படுமா என்பது செருகிக்குச் செருகி வேறுபடுவதால், சோதனையைப் புதிய இணைப்பில் செய்தல் நன்று.

முடிவுரை

முகவரி வீச்சு, பொதி செல்லும் இடத்தை மட்டும் அறியும் கருவி. இடமும் உரிமையும் ஒன்றாக அமையும்போது, அதாவது ஒரு வீச்சு முழுவதும் ஒருவர்க்கே உரியதாகவும் நிலையானதாகவும் இருக்கும்போது, அது எளிமையானதும் உறுதியானதுமான கட்டுப்பாட்டைத் தருகிறது. அணுக்கச் சான்று முகவரி, சொந்தத் தரவு மையம், தனியார் வீச்சுகள் ஆகியன அத்தகையவை. பலர் பகிரும் பொது மேக முகவரிகளில் இடத்தைக் கொண்டு உரிமையை அறிய இயலாது. ஆகவே ஒரு விதியை எழுதுமுன், ‘இவ்வீச்சிலுள்ள ஒவ்வொரு முகவரியும் யாருடையது?’ என வினவுதல் வேண்டும். விடை ஒருவரையே சுட்டினால் வீச்சு விதி போதும். பலரைச் சுட்டினால், அவ்விதி முதல் வேலியாக மட்டுமே அமையும்.