கொடியடுப்பும் சிமெண்டுச் சூளையும்

நம் பாட்டிமார் சமைத்த மண்ணடுப்பில், பெரிய அடுப்பை ஒட்டிக் கொடியடுப்பு ஒன்று இருக்கும். அதற்கெனத் தனி விறகு கிடையாது. பெரிய அடுப்பிலிருந்து தப்பிவரும் அனலே அதன்மேல் வைத்த பானையைச் சூடாக்கும். அந்த வெந்நீரை உலைக்கு வார்த்தால் விறகு மிச்சம். வெப்பவியல் பாடத்தை நான் எப்போதும் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

திருநெல்வேலிக்கு வடக்கே தாழையூத்தில், 1946-இல் தோன்றிய இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் 1949-இல் சிமெண்டு உற்பத்தியைத் தொடங்கியது. அந்நாளில் அங்கே கையாண்டது ஈரமுறை. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் நீர்விட்டரைத்து, குழம்பாகவே சுழலும் சூளைக்குள் செலுத்துவர். குழம்பு நன்றாகக் கலக்கும் என்பது மெய்தான். ஆயினும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கிலோ கிளிங்கருக்கு, அதாவது சூளையில் வெந்த சிமெண்டுக் கட்டிக்கு, ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ மூலப்பொடி வேண்டும். குழம்பில் நூற்றுக்கு 35 பங்கு நீரென்றால், அப்பொடியுடன் 0.8 கிலோ நீர் சேர்கிறது. அதனை ஆவியாக்கவே சுமார் 500 கிலோகலோரி போய்விடும். இழப்பே இல்லாத சூளையில் அப்பொடி கிளிங்கராவதற்குத் தேவையான வெப்பமோ சுமார் 420 தான்! சோற்றுக்கு ஆன விறகைவிட ஈரத்தை உலர்த்த ஆன விறகு அதிகம் என்பது போன்ற கதை இது.

பிற்காலத்தில் இவ்வாலையும் உலர்முறைக்கு மாறிற்று. அம்முறையில், சூளைவாயில் உயர்ந்த கோபுரமொன்றில் புனல் வடிவக் கலன்கள் நான்கைந்து அடுக்காக நிற்கும். சூளையிலிருந்து சுமார் 1000 டிகிரி வெப்பத்துடன் புகை மேலேறும். உலர்ந்த பொடி மேலிருந்து இறங்கும். ஒவ்வோர் அடுக்கிலும் இரண்டும் கலந்து, சில நொடிகளில் வெப்பம் கைமாறி, மீண்டும் பிரியும். அடுக்குகள் ஏன் பல? கொதிநீரும் தண்ணீரும் ஒரே முறை கலந்தால் இடைப்பட்ட சூடுதானே கிட்டும்? எதிரெதிராகப் படிப்படியாய்ச் சந்திப்பதால்தான் பொடி 800 டிகிரியை எட்ட, புகை 300 டிகிரியை ஒட்டி வெளியேறுகிறது. ஈரமுறையில் 1300 கிலோகலோரிக்கு மேல் விழுங்கிய ஒரு கிலோ கிளிங்கர், இம்முறையில் 700 முதல் 800 வரையில் முடிகிறது.

கண்ணாடி உலையிலும் இதே முயற்சி உண்டு. 1856-இல் பிரடெரிக் சீமென்சு உரிமம் பெற்ற செங்கல் அறைகள், புகையின் வெப்பத்தைச் சேமித்து, எரிப்பதற்கான காற்றைச் சூடாக்கின. மூலப்பொருளையே சூடாக்குவது அத்தனை எளிதன்று; சோடா உப்புக் கலந்த கலவை ஈரம் பட்டால் கட்டிதட்டி வழியை அடைத்துக்கொள்ளும். உடைந்த கண்ணாடித் துண்டுகள் மிகுதியாய்க் கலந்திருந்தால் இத்தொல்லை குறையும்.

கொடியடுப்பால் ஆகாத காரியம் ஒன்றும் உண்டு. தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமிலவாயுவாகப் பறந்துவிடும். எரிபொருளை எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் அது குறையாது. அது விறகிலிருந்து வருவதன்று, கல்லிலிருந்தே வருவது.