மனித உரிமைச் சட்டத்தின் ஏற்புடைமையும் செய்தித்தாள் மொழியும்

ஒரு சட்டம் செல்லுபடியாவது வேறு. அது தம்மைக் கட்டுப்படுத்தத் தக்கதென மக்கள் கருதுவது வேறு. பின்னது இங்கு ஏற்புடைமை எனப்படுகிறது. பன்னாட்டு மனித உரிமைச் சட்டத்தைப் பெரும்பாலோர் தீர்ப்புரைகளின் வழியாக அன்றிச் செய்தித்தாள்களின் வழியாகவே அறிகின்றனர். எனவே ஏற்புடைமை உருவாவதிலும் சிதைவதிலும் செய்தி மொழிக்குப் பங்குண்டு. பிரிட்டனில் கைதிகளின் வாக்குரிமை பற்றி வெளிவந்த செய்திகள் இதற்குத் தக்க சான்றாகும்.

1. வழக்கின் பின்னணி

ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கை 1950இல் கையெழுத்தாகி 1953இல் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டன் 1951இலேயே அதனை ஏற்புறுதி செய்தது. உடன்படிக்கையின் வழி அமைந்த மனித உரிமை நீதிமன்றம் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் உள்ளது. தண்டனைக் கைதிகளுக்குப் பொதுப்படையாக வாக்குரிமையை மறுப்பது உடன்படிக்கைக்கு முரண் என 2005இல் ஹர்ஸ்ட் வழக்கில் 12க்கு 5 என்ற பெரும்பான்மையில் அது தீர்ப்பளித்தது. பிரிட்டிஷ் மக்களவையோ 2011 பிப்ரவரியில் 234க்கு 22 என்ற வாக்குகளில் அத்தடையை ஆதரித்தது.

2. மொழிக் கூறுகள்

முதலாவது, ஆகுபெயர். நாளிதழ்கள் நீதிமன்றத்தை ‘ஸ்ட்ராஸ்பர்க்’ என வழங்கின. இஃது இடவாகுபெயர். ‘ஊர் திரண்டது’ என்னுமிடத்து ஆகுபெயர் உறவை உணர்த்துகிறது. ‘ஸ்ட்ராஸ்பர்க் தலையிட்டது’ என்னுமிடத்து அயன்மையை உணர்த்துகிறது. பிரிட்டனின் சார்பிலும் அந்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி உண்டு என்னும் செய்தி இதனால் மறைந்துவிடுகிறது.

இரண்டாவது, அடைமொழி. பரபரப்பு நாளிதழ்களில் ‘தேர்ந்தெடுக்கப்படாத நீதிபதிகள்’ என்னும் தொடர் பயின்று வருகிறது. உண்மையில் ஒவ்வொரு நாடும் முன்மொழியும் மூவருள் ஒருவரை, உறுப்பு நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடங்கிய பேரவை வாக்கெடுப்பின் மூலம் தேர்ந்தெடுக்கிறது. பிரிட்டனின் உள்நாட்டு நீதிபதிகளோ எத்தேர்தலிலும் நிற்பவர் அல்லர்.

மூன்றாவது, வினை. ‘தீர்ப்பளித்தது’ என்பது அதிகாரத்தை ஏற்கும் வினை. ‘திணித்தது’ என்பது மறுக்கும் வினை. எல்லாக் கைதிகளுக்கும் வாக்குரிமை அளிக்குமாறு நீதிமன்றம் கூறவில்லை. தடையின் பொதுப்படைத் தன்மையையே குறைகண்டது. தற்காலிக அனுமதியில் வெளியே வரும் கைதிகள் வாக்களிக்க வழிசெய்தல் போன்ற நிருவாக மாற்றங்களே போதுமெனக் கொண்டு, 2018இல் ஐரோப்பிய மன்றத்தின் அமைச்சர் குழு இவ்வழக்கின் கண்காணிப்பை முடித்துக்கொண்டது. திணிப்பு என்னும் வினைக்கு இம்முடிவு பொருந்தாது.

3. மொழிபெயர்ப்பாளர் கடமை

இத்தகைய செய்திகளைத் தமிழாக்குவோர் இரண்டினைக் கருத வேண்டும். ‘ஐரோப்பிய நீதிமன்றம்’ என்று மட்டும் எழுதினால், லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துடன் மயக்கம் நேரும். பிரிட்டன் 2020இல் ஒன்றியத்தை விட்டு விலகியதை அறிந்த வாசகர், மனித உரிமை நீதிமன்றத்தின் ஆளுகையிலிருந்தும் அது விலகியதாகவே கொள்வர். ஆதலின் ‘ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்’ என முழுப்பெயர் தருதலே முறை.

அடுத்து, ‘தேர்ந்தெடுக்கப்படாத’ என்னும் அடையை நீக்கினால் மூலத்தின் சார்பு மறையும். அப்படியே தம் கூற்றாக எழுதினால் பிழை தமிழிலும் பரவும். ‘என’, ‘என்று’ ஆகிய மேற்கோள் இடைச்சொற்கள் இதற்கு வழிகாட்டுகின்றன. ‘தேர்ந்தெடுக்கப்படாதோர் என அந்நாளிதழ் குறிப்பிடும் நீதிபதிகள்’ என்று எழுதும்போது சார்பும் புலப்படுகிறது. அது யாருடையது என்பதும் தெளிவாகிறது.