லால்பாக் பாறையின் வரிகள்

பெங்களூரு லால்பாக் தோட்டத்தில் நீங்கள் ஏறி நிற்கும் இந்தக் குன்று, ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமை கொண்ட தீபகற்ப நைஸ் என்னும் வரியோடிய பாறை. உச்சியிலுள்ள கெம்பே கௌடர் கோபுரத்துக்குப் போகும் முன், குனிந்து காலடியைப் பாருங்கள்.

வெளிர் வரிகளில் இருப்பவை குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும். கரிய வரிகளில் பயோடைட் என்னும் கறுப்பு மைக்கா மிகுதி. இவை மணலும் வண்டலும் படிந்து உண்டான அடுக்குகள் அல்ல. பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 600 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் நெருக்குண்ட பாறையில் கனிமங்கள் புதிதாகப் படிகமாயின. தகடு தகடான மைக்கா, அழுத்தம் வந்த திசைக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது. வெளிறியவையும் கரியவையும் பிரிந்து வரி கட்டின. சில வெளிர் வரிகள், உருகிய குழம்பு இடையே புகுந்து உறைந்தவை.

வரிகள் வளைந்து மடிந்த இடங்களைத் தேடிப் பாருங்கள். இவ்வளவு கடினமான கல், பிசைந்த மாவைப்போல் நெளிந்திருக்கிறது! குன்றில் காணத்தக்கவற்றுள் அதுவே முதன்மையானது. வரிகளைக் குறுக்கே வெட்டிச் செல்லும் நரம்புகள் வயதில் இளையவை.

இப்பாறைத் தொகுதிக்குத் தீபகற்ப நைஸ் என்று 1916இல் பெயரிட்டவர் நிலவியலாளர் டபிள்யூ. எஃப். ஸ்மீத். இக்குன்று தேசிய நிலவியல் நினைவுச் சின்னம். இதில் பெயர் கீறாதீர்கள், சில்லு பெயர்க்காதீர்கள்.