நாற்பது பக்க நோட்டு கண்டுபிடித்த கோளாறு

"கார் ரிப்பேர் பற்றி நமக்கென்ன?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள், சகோதரிகளே! வண்டியை ஓட்டுவது யாராக இருந்தாலும், அது நின்றுபோனால் ஒர்க்‌ஷாப்புக்குப் போகிற பணம் நம் வீட்டுச் செலவுக் கணக்கிலிருந்துதானே போகிறது? பிள்ளைகளோடு நடுத்தெருவில் நிற்பதும் நாம்தானே?

எங்கள் வீடு திருச்சியில். 2016-ல் பழைய கார் ஒன்று வாங்கினோம். என் கணவர் ஆபீசுக்கு ஸ்கூட்டரில்தான் போவார். கோயில், கல்யாணம், ஆஸ்பத்திரி என்றால் மட்டும் கார். ஆறு வருஷம் ஒரு தொந்தரவும் தரவில்லை.

2022 ஐப்பசி மாதம். நல்ல மழை. ஒரு கல்யாண வரவேற்புக்குப் போய்விட்டு இரவு பத்தரை மணிக்கு வந்து காரை நிறுத்தினோம். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, சின்னவனுக்கு இழுப்பு கண்டுவிட்டது. எட்டு வயசுப் பிள்ளை. நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்க முடியவில்லை. தூக்கிக்கொண்டு காரில் ஏறினோம். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். முன்னால் எரிந்த சிவப்பு விளக்குகள் எல்லாம் பொசுக்கென்று அணைந்துவிட்டன. மறுபடி திருப்பினார். மறுபடியும் 'டக்'. கொட்டுகிற மழையில் அவர் தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடித்து வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆவி மருந்து வைத்ததும் பிள்ளைக்கு மூச்சு சீரானது. "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமேம்மா" என்று டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது.

மறுநாள் காலை அதே கார் சாவியைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆகிவிட்டது! டாக்டரைக் கண்டதும் பிள்ளைக்குக் காய்ச்சல் ஓடிப்போவதில்லையா, அந்தக் கதைதான். ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனார். "பேட்டரி வீக் சார், மாத்திடலாம்" என்றார்கள். ரூ. 4,300.

இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு மார்க்கெட் வாசலில் அதே 'டக்'. "புது பேட்டரிக்கே சார்ஜ் ஏறலை, டைனமோதான்" என்றார்கள். பழையதைச் சரிசெய்து மாட்ட ரூ. 4,800. அதற்கப்புறமும் நின்றது. "செல்ஃப் மோட்டாரைக் கழட்டிப் பார்த்துடலாம்." ரூ. 2,200. மூன்று மாதத்தில் மொத்தம் ரூ. 11,300! பெண்ணின் காலேஜ் பீசுக்காகச் சீட்டுக் கட்டி எடுத்து வைத்த பணம் அது.

நான்காவது முறை நின்றபோது வீட்டில் பெரிய சண்டை.

"பேசாம வித்துத் தொலைச்சிடலாம்" என்றார் அவர்.

"எது கெட்டுப்போச்சுன்னே தெரியாம ஒண்ணொண்ணா மாத்திக்கிட்டே போறாங்களே, கேக்கக் கூடாதாங்க?" என்றேன்.

"உனக்கு என்ன தெரியும்? நீ சும்மா இரு."

எனக்கு ஒன்றும் தெரியாதுதான். ஆனால் ஒன்று தெரியும். சின்னவனின் இழுப்புக்காக டாக்டர் என்னை ஒரு நோட்டுப் போடச் சொல்லியிருந்தார். என்றைக்கு வந்தது, எத்தனை மணிக்கு, அன்று என்ன சாப்பிட்டான், மழையா, ஒட்டடை அடித்தோமா என்றெல்லாம் எழுத வேண்டும். "நீங்க கொண்டு வர்றப்ப அவன் நல்லா இருக்கான். வராத நோயை நான் எப்படிப் பார்க்கிறது? எழுதிக்கிட்டு வாங்க" என்பார். அந்த நாற்பது பக்க நோட்டையே திருப்பிப் போட்டு, பின்பக்கத்திலிருந்து காருக்கும் எழுத ஆரம்பித்தேன். பெண் பார்த்துவிட்டு, "அம்மா, காருக்கும் இழுப்பா?" என்று சிரித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும்!

ஐந்து வாரத்தில் ஆறு தடவை நின்றது. எழுதியதை வரிசையாகப் படித்துப் பார்த்தேன். காலையில் முதல் தடவை எடுக்கும்போது ஒருநாள்கூடத் தகராறு இல்லை. ஆறு தடவையும் அரை மணிக்குக் குறையாமல் ஓட்டி, நிறுத்தி, பத்திலிருந்து இருபது நிமிஷத்துக்குள் மறுபடி எடுக்கும்போதுதான் நின்றிருக்கிறது. ஒரு மணி நேரம் விட்டால் தானாக ஸ்டார்ட் ஆகியிருக்கிறது. அந்த மழை ராத்திரியும் அப்படித்தானே? ஒர்க்‌ஷாப்புக்கோ எப்போதும் காலையில், ஆறின வண்டியைத்தான் கொண்டு போயிருக்கிறோம்!

நோட்டை அவரிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். ஒன்றும் பேசவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, போகலாம்" என்றார்.

வண்டிகளுக்கு ஒயரிங் வேலை மட்டும் செய்கிற ஒரு பெரியவரிடம் போனோம். அரை மணி நேரம் ஊரைச் சுற்றிவிட்டு, சூடான வண்டியாகவே அவர் கடை வாசலில் நிறுத்தினோம்.

"அண்ணே, உடனே பார்க்காதீங்க. ஒரு கால் மணி நேரம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நோட்டை நீட்டினேன். படித்துவிட்டு, "இப்படி எழுதிக்கிட்டு வந்தா எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்மா" என்றார்.

கால் மணி கழித்து சாவியைத் திருப்பினால் 'டக்'! அவர் மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலும், மறுமுனையை வண்டியின் வெறும் இரும்பிலும் வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை திருப்பச் சொன்னார். மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டியது. "இது அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாதும்மா. எர்த்துதான் போயிருக்கு" என்றார்.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து கிளம்புகிற கரண்ட் விளக்கு, ஹாரன், செல்ஃப் மோட்டார் எல்லாவற்றுக்கும் ஒயர் வழியாகப் போகிறது. திரும்பி வருவதற்குத் தனித்தனி ஒயர் கிடையாது. வண்டியின் இரும்பு உடம்புதான் பாதை. அந்த உடம்பையும் பேட்டரியின் மைனஸ்ஸையும் ஒரு தடித்த ஒயர் இணைக்கிறது. அதுதான் எர்த் ஒயர். எங்கள் வண்டியில் அந்த ஒயரின் முனை, பேட்டரித் தட்டுக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் துருப் பிடித்துப் பச்சையாகக் கிடந்தது.

தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குழாயில் அடைப்பு என்றால் என்ன ஆகும்? சொட்டுச் சொட்டாக வரும், வாளி நிறையாது. சின்ன விளக்குக்குக் கொஞ்சம் கரண்ட் போதும், அதனால் எரிந்தது. செல்ஃப் மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டும், அதனால் 'டக்' என்று நின்றது. வண்டி ஓடும்போது காற்றுப் பட்டு எஞ்சின் பக்கம் ஓரளவு ஆறுகிறது. நிறுத்தியதும் பேனட்டுக்குள் சூடு ஏறுகிறது. துருப் பிடித்த இணைப்பு சூட்டில் இன்னும் மோசமாகிறது. ஆறினால் சரியாகிவிடுகிறது. பேட்டரிக்கு சார்ஜ் ஏற வேண்டியதும் அதே இணைப்பு வழியாகத்தான். புது பேட்டரியும் இளைத்துப் போனதற்குக் காரணம் அதுதான்!

புது எர்த் ஒயர், உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்த்தது, கூலி எல்லாம் சேர்த்து ரூ. 650. அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஒருநாள்கூட நிற்கவில்லை.

பழைய ஒர்க்‌ஷாப்காரரை நான் குறை சொல்ல மாட்டேன். "எங்ககிட்ட வரும்போது நல்லாத்தானே அக்கா இருந்துச்சு" என்றார். நிஜம்தான். விட்டு விட்டு வருகிற கோளாறு, வராத நேரத்தில் யார் கண்ணுக்கும் தெரியாது. எப்போது வரும் என்று சொல்ல வேண்டியது வண்டிக்காரர்கள் நாம்தான். நாங்கள் "நின்னுபோச்சு" என்று மட்டும் சொன்னோம். அவர் ஊகித்து மாற்றினார். ஊகத்துக்குக் கொடுத்த விலைதான் அந்த ரூ. 11,300.

இனி நீங்கள் செய்யக்கூடியவை:

நோட்டில் எழுத வேண்டியது: தேதி, நேரம், மழையா வெயிலா, எவ்வளவு நேரம் ஓடியது, நிறுத்தி எத்தனை நிமிஷம் ஆனது, அப்போது ஏசி, விளக்கு, வைப்பர் எது ஓடியது, என்ன சத்தம் கேட்டது, விளக்குகள் மங்கினவா, எத்தனை நேரத்தில் தானாகச் சரியானது. கடைசியாக எப்போது, என்ன வேலை செய்தார்கள் என்பதையும் எழுதுங்கள். புதிதாக ஹாரன், பாட்டுப் பெட்டி, கேமரா மாட்டிய பிறகு தொந்தரவு ஆரம்பித்தால், முதலில் அந்த ஒயர் இணைப்பைத்தான் பார்க்கச் சொல்ல வேண்டும்.

வீட்டிலேயே பார்க்கக்கூடியது: எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு பேனட்டைத் திறந்து பாருங்கள். பேட்டரிக் கம்பங்களில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கிறதா? பிடிப்பு கையால் அசைத்தால் ஆடுகிறதா? எலி கடித்த ஒயர், எலிப் புழுக்கை இருக்கிறதா? உப்பைச் சுத்தம் செய்யும்போது மைனஸ் ஒயரை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். சமையல் சோடா கரைத்த தண்ணீரைப் பழைய டூத் பிரஷ்ஷில் தொட்டுத் தேய்த்து, துடைத்து, காய்ந்தபின் மாட்டி, மேலே வாஸலீன் தடவலாம். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் போகக் கூடாது.

கட்டாயம் செய்யக் கூடாதது: வளையல், மோதிரம், நீளச் சங்கிலியோடு பேட்டரி பக்கம் கை வைக்காதீர்கள். பிளஸ்ஸும் இரும்பும் ஒரே நேரத்தில் வளையலில் பட்டால், நொடியில் பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும். பேட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வரும், நெருப்புக் கூடாது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிப் பார்க்க யாரையும் விடாதீர்கள், மற்ற பாகங்கள் கெடும். பியூஸ் போனால் அதே அளவு பியூஸ்தான் போட வேண்டும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. மறுபடி மறுபடி போனால் காரணத்தைத் தேட வேண்டுமே தவிர, பெரிய பியூஸோ கம்பியோ வைக்கக் கூடாது. வண்டி தீப்பிடிக்கும். ஒயர் கருகும் வாசனை வந்தால் ஓரம் கட்டி, சாவியை எடுத்து, பிள்ளைகளை இறக்கிவிட்டு விலகி நில்லுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியது: "எதை மாற்றணும்?" என்பதற்கு முன்னால், "எதை வைத்துச் சொல்றீங்க? அளந்து பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். நல்ல பேட்டரி, வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சின் ஓடும்போது சாதாரணமாக 14 வோல்ட்டை ஒட்டி இருந்தால் டைனமோ வேலை செய்கிறது. பேட்டரி மாற்றும் முன் எர்த் ஒயரின் இரண்டு முனையையும் பார்க்கச் சொல்லுங்கள். செலவு எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பில், வாரண்டி அட்டை இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். பணம் கொடுத்துச் செய்யும் ரிப்பேரும் 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. மோசடி என்று தோன்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். கையில் பில் இருந்தால்தான் நம் பேச்சு எடுபடும்.

இப்போதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் தன் வண்டி மக்கர் பண்ணுகிறது என்று வந்தால், என் கணவர், "முதல்ல எங்க வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்கிறார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். சீட்டுப் பணத்தை மறுபடி சேர்த்துப் பெண்ணையும் காலேஜில் சேர்த்துவிட்டோம்.

நோட்டின் முன்பக்கத்தில் சின்னவனுக்கு இன்னும் எழுதிக்கொண்டுதான் வருகிறேன். அவனுக்கு எப்போது இழுத்தாலும் கிளம்பக் கார் தயாராக இருக்கிறது என்ற நிம்மதி இருக்கிறதே, அதற்கு விலையே கிடையாது. உங்கள் வண்டியிலும் இன்றே ஒரு நோட்டும் பென்சிலும் வையுங்கள், சகோதரிகளே!