விபத்துக்குப் பிறகு – 7: சான்றிதழில் 40, தொழிலில் 100

போன வாரம் எப்.ஐ.ஆர்., ஏ.ஆர். காப்பி, காயச் சான்று என்று காகிதங்களோடு மல்லுக்கட்டினோம். இந்த வாரமும் ஒரு காகிதம்தான். கிளைம் கேஸில் லட்சங்களை ஏற்றுவதும் இறக்குவதும் இதுதான்: மெடிக்கல் போர்டு தரும் ஊனச் சான்றிதழ்.

"நாற்பது பர்சென்ட் போட்டிருக்காங்க சார், எவ்வளவு வரும்?" கோர்ட் வளாகத்தில் அடிக்கடி காதில் விழும் கேள்வி. இதற்கு யாராவது டக்கென்று ஒரு தொகை சொன்னால் நம்பாதீர்கள். டாக்டர் போடும் சதவீதம் உடம்பைப் பற்றியது. முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, விரல்களில் பிடிமானம் எவ்வளவு மிச்சம் என்று பரிசோதித்து எழுதுகிறார். அந்தக் காலோடு இவர் சாரம் ஏற முடியுமா, லாரியில் கிளட்ச் மிதிக்க முடியுமா என்பதையும் சேர்த்து முடிவு செய்ய வேண்டியது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்.

உச்ச நீதிமன்றம் 2010 அக்டோபரில் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. இடது கையை இழந்தவர் டிரைவர் அல்லது தச்சர் என்றால், சம்பாதிக்கும் திறன் ஏறக்குறைய முழுதாகவே போய்விடலாம். அதே கையை இழந்தவர் அரசு அலுவலக குமாஸ்தா என்றால் வேலை போகாமலும் இருக்கலாம். காயம் ஒன்றுதான், நஷ்டம் வேறு.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் கனம் புரியும். 32 வயது தச்சர், மாத வருமானம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சொந்தத் தொழில் செய்பவர், நாற்பது வயதுக்குள் இருப்பதால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும், 21,000 ஆகிறது. வருடத்துக்கு 2,52,000. 31 முதல் 35 வயது வரை பெருக்க வேண்டிய எண் 16. ஆக மொத்தம் 40,32,000 ரூபாய். சான்றிதழில் உள்ள 40 சதவீதத்தையே வருமான இழப்பாகவும் எடுத்துக்கொண்டால் கைக்கு வருவது 16,12,800. தொழிலே போய்விட்டது என்று நிரூபித்தால் முழுத் தொகை. நடுவில் நிற்பது 24 லட்சத்துக்கு மேல். மருத்துவச் செலவு, வலி வேதனைக்கான தொகை எல்லாம் இதற்கு வெளியே, தனி.

எல்லோருக்கும் நூறு கிடைக்காது. வேறு வேலை பார்க்க முடியுமா என்றும் நீதிபதி பார்ப்பார். ஆனால், கேட்காமல் கிடைக்காது. 2018-ல் இரண்டு கைகளும் செயலிழந்த தச்சர் ஒருவரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சாப்பிடவே அடுத்தவர் உதவி தேவைப்படும் மனிதருக்கு ஊனம் 90 சதவீதம் என்று கணக்கிடுவது நீதி மறுப்பு என்று சொல்லி, அதை முழு ஊனமாகவே எடுத்துக்கொண்டது. 2020-ல் இன்னொரு வழக்கு. வலது கையை இழந்த டைப்பிஸ்ட். சான்றிதழில் 89 சதவீதம். உயர் நீதிமன்றம் அதைக் கிட்டத்தட்ட பாதியாக்கி 45 என்றது. உச்ச நீதிமன்றம் 65 ஆக உயர்த்தியது. டைப்பிஸ்டுக்குக் கை என்றால் என்ன என்பதை விளக்க இத்தனை படி ஏற வேண்டியிருந்தது என்பது எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் விஷயம்.

ஆகவே கூண்டில் ஏறி "முன்ன மாதிரி வேலை செய்ய முடியலைங்க" என்று மட்டும் சொல்லி இறங்கிவிடாதீர்கள். உளியை இடது கையில் பிடித்தால்தான் வலது கையால் கொட்டாப்புளியை அடிக்க முடியும், இழைப்புளியைத் தள்ள இரண்டு கையும் வேண்டும் என்று சொல்லுங்கள். நீதிபதி மரவேலை பார்த்தவர் அல்ல. கூட வேலை செய்தவரையோ வேலை கொடுத்தவரையோ சாட்சியாகக் கூப்பிடுங்கள். சிகிச்சை கொடுத்த டாக்டரே வந்து சொல்வது நல்லது. உங்களை ஒரே ஒருமுறை பார்த்து, கேட்ட சதவீதத்தை எழுதிக் கொடுக்கும் ரெடிமேட் சான்றிதழ்களைச் சந்தேகத்தோடு பார்க்கச் சொல்லி அதே 2010 தீர்ப்பு எச்சரித்திருக்கிறது.

சம்பளச் சீட்டு இல்லையே என்று தயங்க வேண்டாம். காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவர் வழக்கில், சிறு தொழில் செய்பவரிடம் வருமானத்துக்கு ஆவணம் எதிர்பார்க்க முடியாது என்று சொல்லி, மாதம் 6,500 ரூபாயை ஏற்றுக்கொண்டது உச்ச நீதிமன்றம். அவருடைய தொழில் இழப்பையும் 85 சதவீதமாக உயர்த்தியது.

கடைசியாக ஒன்று. லோக் அதாலத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு தொகை சொல்லும்போது, "எத்தனை சதவீதம் போட்டு இந்தக் கணக்கு?" என்று உங்கள் வக்கீலைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அங்கே சமரசமாக முடித்த வழக்குக்கு அப்பீல் கிடையாது.

(தொடரும்)