கிளியைப் பிடிப்பது எப்படி? யானையை நிறுப்பது எப்படி?

கால்நடை மருத்துவர் என்றதும் பசு, ஆடு, நாய் ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. திருநள்ளாறு போன்ற நெல் விளையும் ஊரில் அது இயல்புதான். ஆனால் இன்று சிற்றூர்களிலும் கூண்டுப் பறவை, முயல், கினிப் பன்றி வளர்ப்போர் இருக்கின்றனர். கோயில் யானைகளும் உள்ளன. 'இவற்றுக்கு மருத்துவம் பார்க்கும் இடத்தில் நானும் கைப்பழக்கம் பெறலாமா?' என்று கேட்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். இயற்பியல் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று நினைக்காதீர்கள். அங்கே முதலில் பழக வேண்டியது ஊசி போடுவதன்று. பிடிப்பது, நிறுப்பது, சூடு காப்பது ஆகிய மூன்றும்தான்.

நம் ஊர்களில் 'லவ்பேர்ட்ஸ்' என்று விற்கப்படுவது பெரும்பாலும் பட்ஜரிகர் என்னும் ஆஸ்திரேலியச் சிறுகிளி. (உண்மையான லவ்பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு பறவை.) இதன் எடை 30 முதல் 40 கிராம். பறவைகளுக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு அசைந்தால்தான் காற்று உள்ளே போய் வெளியே வரும். கொல்லன் பட்டறைத் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் பலகைகளை அழுத்திப் பிடித்துக்கொண்டால் காற்று எப்படி வரும்? பறந்துவிடுமோ என்ற அச்சத்தில் மார்பைச் சுற்றி இறுக்குபவர், நோயில்லாத கிளியையும் மூச்சடைத்துக் கொன்றுவிடக் கூடும். தலையை இரு விரல்களுக்கிடையே மெல்ல நிறுத்தி, மார்பைத் தளர விடவேண்டும். முயலின் சங்கதி வேறு. பின்னங்கால்களைத் தாங்காமல் தூக்கினால், உதைக்கும் விசையில் அது தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளக் கூடும்.

அடுத்தது தராசு. 35 கிராம் கிளி மூன்றரை கிராம் இளைத்தால், 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைத்ததற்குச் சமம். இறகு மூடியிருப்பதால் கண்ணுக்கு அது தெரியாது, தராசுக்குத் தெரியும். நாள்தோறும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வைப்பது மாணவர் செய்யக்கூடிய வேலை, பயனுள்ள வேலையும்கூட. சோதனைக்கு இரத்தம் எடுப்பதும் எடையைப் பொறுத்ததே. நலமாக உள்ள பறவையிடம்கூட உடல் எடையில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்குக்கு மேல் எடுப்பதில்லை. நம் கிளிக்கு அது 0.35 மில்லி லிட்டர், அதாவது ஏழு துளி!

சூடு காப்பது ஏன்? ஒரு கனசதுரத்தின் பக்கத்தை இரு மடங்காக்கினால் மேற்பரப்பு 4 மடங்காகும். கன அளவோ 8 மடங்காகும். ஆகவே உடல் சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிடும்போது வெப்பம் வெளியேறும் பரப்பு கூடுகிறது. பறவையின் உடல் வெப்பம் சுமார் 41 பாகை செல்சியஸ். நோயுற்ற கிளி இறகைச் சிலிர்த்து உட்கார்ந்திருப்பது அழகுக்காக அன்று. இறகுகளுக்கிடையே காற்றைச் சிறைப்பிடித்து, அரிதிற்கடத்தியாகப் பயன்படுத்துகிறது. அதனால்தான் மருந்துக்கு முன்பே அதனைச் சுமார் 30 பாகை வெப்பமுள்ள பெட்டியில் வைக்கிறார்கள்.

இனி யானைக்கு வருவோம். பாலூட்டிகளின் உடல் செலவிடும் ஆற்றல் எடைக்கு நேர்விகிதத்தில் கூடுவதில்லை; எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது என்று மாக்ஸ் கிளைபர் 1932-இல் காட்டினார். 400 கிராம் கினிப் பன்றியைவிட 4,000 கிலோ யானை 10,000 மடங்கு எடையுள்ளது; ஆற்றல் செலவோ சுமார் 1,000 மடங்குதான். மருந்தை எடைக் கணக்கில் மட்டும் பெருக்கினால் என்ன ஆகும்? 1962-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகர விலங்குக்காட்சி சாலையில் டஸ்கோ என்ற ஆண் யானைக்கு எல்.எஸ்.டி. மருந்தில் 297 மில்லிகிராம் செலுத்தினார்கள். பூனைகளுக்குக் கொடுத்த அளவு அக்கணக்குக்கு ஓர் அடிப்படை. சில நிமிடங்களில் சாய்ந்த யானை, இரண்டு மணி நேரத்துக்குள் இறந்தது. வலிப்பை அடக்கப் பின்னர் கொடுத்த மருந்துகளுக்கும் இச்சாவில் பங்குண்டு என்பார் உளர். ஆயினும் முதற்கணக்கு தவறானது என்பதில் ஐயமில்லை.

அளவு மட்டுமன்று, இனமும் முக்கியம். மனிதருக்கும் நாய்க்கும் வாய்வழியே கொடுக்கும் அமாக்சிசிலின், முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழித்து அதன் உயிரையே வாங்கிவிடும். எனவே பதிவு பெற்ற மருத்துவரின் கண்காணிப்பில் பார்க்கலாம், பிடிக்கலாம், நிறுக்கலாம். தாமாக மருந்து கொடுக்கலாகாது. இன்னொன்று: நம் பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவன. பழகுவதற்காகவென்று அவற்றை வீட்டில் வளர்ப்பது குற்றம்.

முறையாகப் படிக்க விரும்புவோருக்குப் புதுச்சேரி குரும்பாபேட்டிலும், தஞ்சை மாவட்டம் ஒரத்தநாட்டிலும், 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரியிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. படிப்பு ஐந்தரை ஆண்டு. அதில் கடைசி ஓராண்டு முழுதும் கைப்பயிற்சி. அதுவரை உள்ளூர்க் கால்நடை மருத்துவமனையில் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக் கொடுக்க அனுமதி கேளுங்கள். அதையும் சிறிதென எண்ண வேண்டாம்.

தராசில் ஏற்ற முடியாத யானையை எப்படி நிறுப்பது? லாரி எடைமேடையில் நிறுத்தலாம். மேடை இல்லாத இடத்தில் மார்புச் சுற்றளவை நாடாவால் அளந்து எடையை மதிப்பிடுகிறார்கள். உயரத்துக்கும் ஒரு வழி உண்டு. ஆசிய யானையின் முன்னங்காற் சுவட்டின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால், ஏறக்குறைய அதன் தோள் உயரம் கிடைக்கும். கோயில் யானை ஈரமண்ணில் நடந்துபோன பின், பாகனின் அனுமதியோடு ஒரு கயிற்றைச் சுவட்டைச் சுற்றி வைத்து அளந்து பாருங்கள்.