நாலு வாரம் நிற்கும் தண்ணீர்

ஐப்பசியில் முதல் பெருமழை கொட்டி, கரண்டும் போன ராத்திரியில்தான் எங்கள் எதிர் மனையில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில், நெம்மேலிப் பக்கம் வீடு. எதிரே இருந்த காலி மனை வருஷத்தில் ஒன்பது மாதம் வெறும் மணலும் நெருஞ்சியும்தான். அன்றைக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போனால், கட்டைவிரல் நுனியளவே உள்ள குறுவாய்த் தவளை தெருவே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டிருக்கும். நடுப்பள்ளத்தில் பெருந்தவளைகள். மற்ற நாளில் பாசி நிறத்தில் கிடக்கும் ஆண்களெல்லாம் அன்று எலுமிச்சை மஞ்சள். தொண்டையின் இரு பக்கமும் நீலப் பை ஊதி ஊதி அடங்கும்.

‘தவளை தன் வாயால் கெடும்’ என்கிறோம். பழமொழி நானூறு சொல்வது தவளை என்றல்ல, நுணல் என்று. அதுவும் மணலுக்குள் ஒளிந்து கிடப்பது. பார்த்தவர்தான் எழுதியிருக்க வேண்டும். அந்த மனையில் நானும் பார்த்தேன். வளை தோண்டும் தவளைக்குப் பின்னங்கால் அடியில் மண்வெட்டி மாதிரி ஒரு கெட்டியான மேடு உண்டு. அதனால் மணலை இரு பக்கமும் ஒதுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே பின்பக்கமாக இறங்கும். முதுகு போகும், தோள் போகும், கடைசியில் இரண்டு கண் மட்டும் மணல் மேல் நிற்கும். அப்புறம் அதுவும் இல்லை.

போன வருஷம் அந்த மனையில் கிராவல் கொட்டி மட்டப்படுத்தி, காம்பவுண்டும் எழுப்பிவிட்டார்கள். ஏரி மாவட்டம் என்று பெயரெடுத்த செங்கல்பட்டில் தவளைக்கா தண்ணீர்ப் பஞ்சம் என்று கேட்கலாம். மதுராந்தகம் இருக்கிறது, கொளவாய் இருக்கிறது. ஆனால் ஏரி என்றால் மீன். மீன் இருக்கும் இடத்தில் தலைப்பிரட்டைகள் பெரும்பாலும் தப்பாது. அவற்றுக்கு வேண்டியது மழையில் நிரம்பி வெயிலில் வற்றிப்போகும் அற்பக் குட்டை. கால் முளைத்துக் கரையேற, இனத்தையும் வெயிலையும் பொறுத்து, நாலிலிருந்து எட்டு வாரம். அதுவரை தண்ணீர் நின்றால் போதும். அந்தத் தண்ணீரைத்தான் நாம் ‘தேங்கின தண்ணி’ என்று மண்ணடித்து மூடுகிறோம்.

அதனால் வீட்டுப் பின்பக்கம் குட்டை செய்யக் கிளம்பினேன். மாமல்லபுரம் கல் பட்டறை ஒன்றில் கல்தொட்டி வாங்கி, மரநிழலில் பாதி புதைத்து, போர் தண்ணீரை நிரப்பினேன். மூன்றாம் நாள் காலை தொட்டிக்குள் கறுப்பு மணி கோத்த ஜவ்வுச் சரம் இரண்டு நீளமாகச் சுற்றிக் கிடந்தது: தேரையின் முட்டை. கோடையில் எங்கள் போரில் உப்பு ஏறும் என்பது எனக்குத் தெரியும், அன்று யோசிக்கவில்லை. பொரித்ததில் பாதி ஒரே வாரத்தில் அடியில் படிந்துவிட்டது. இப்போது மொட்டைமாடி மழைத்தண்ணீர் மட்டும்தான். இன்னொரு தப்பும் செய்தேன். தொட்டியின் உள்பக்கம் வழவழவென்று செங்குத்து. வால் மறைந்த குஞ்சுகள் ஏற முடியாமல் தவித்தன. பட்டறையில் சும்மா கிடக்கும் கல் சில்லுகளைச் சரிவாகக் கொட்டியதும் சரியாயிற்று. திறந்த கிணறு, நீச்சல் குளம் வைத்திருப்பவர்களும் ஒரு பலகையோ கயிறோ சாய்த்து வைக்கலாம்.

கொசு வருமே என்பார்கள். அதற்காகக் கம்பூசியா மீனை விட்டால் முதலில் காலியாவது தலைப்பிரட்டைதான். இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் வெளியிட்ட ஆய்வில், தலைப்பிரட்டைகளே டெங்கு கொசுவின் முட்டைகளைத் தின்பது தெரிந்தது. இதை வைத்து டெங்குவுக்கு மருந்து கிடைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தொட்டியில் புழு நெளிகிறதா என்று வாரம் ஒருமுறை நான் குனிந்து பார்க்கத்தான் செய்கிறேன்.

“தவள இருந்தா பாம்பு வரும் சார்” என்றார் பக்கத்து வீட்டம்மா. வரும்தான், மழுப்ப வேண்டியதில்லை. 1978-ல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமே பக்கத்து வடநெம்மேலியில்தானே இருக்கிறது. தண்ணீர்ப்பாம்பு தவளையைத் தேடி வரும், விஷமில்லை. நல்ல பாம்பு தேரையையும் பிடிக்கும், எலியையும் பிடிக்கும். வாசலருகே எச்சில் சோறும் விறகுக் குவியலும் போட்டு எலி வளர்த்துவிட்டுத் தவளையைக் குற்றம் சொல்லக்கூடாது. தொட்டி வீட்டிலிருந்து தள்ளி இருக்கட்டும், ராத்திரி டார்ச் இல்லாமல் இறங்க வேண்டாம்.

தேரைக்கு இந்தத் தென்னந்தோப்புகளில் வேறொரு கெட்ட பெயர். உள்ளே பருப்பில்லாத ஒல்லிக்காயை உடைத்ததும் ‘தேரை மோந்தது’ என்பார்கள். போரான், சாம்பல் சத்துக் குறைவும் மகரந்தச் சேர்க்கைக் கோளாறும் செய்கிற வேலை அது. அத்தனை உயர மரத்தில் தேரை எப்படி ஏறும் என்று ஒருவரும் கேட்பதில்லை! கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியில் விஷம் உண்டு என்பது நிஜம். கவ்விய நாய் நுரை தள்ளும்.

ஆர்வத்தில் வயலிலிருந்து தவளை பிடித்துவந்து விடுகிறவர்களும் உண்டு. வேண்டாம். நம் ஊர்ப் பெருந்தவளை அந்தமானுக்குப் போய் அங்குள்ள சிறு உயிர்களை விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஆசியத் தேரை கடல் தாண்டி மடகாஸ்கரின் டோமசினா துறைமுகத்தில் பரவியது 2014-ல் உலகுக்குத் தெரியவந்தது. நோயும் கூடவே போகும். பிடிப்பதென்றால் நமக்குப் பழைய கணக்கும் இருக்கிறது: தவளைக்கால் ஏற்றுமதியில் முன்னணியில் நின்ற நாடு இது. பெருந்தவளையும் குளத்துப் பச்சைத்தவளையும் 1985-ல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறின. 1987-ல் இந்தியா ஏற்றுமதியையே நிறுத்தியது. அந்தப் பச்சைத்தவளையை லெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1834-ல் அறிவியலுக்கு அறிமுகம் செய்தது, இதே கரையில் தெற்கே உள்ள புதுச்சேரியில் கிடைத்ததை வைத்துத்தான்.

தானாக வர வழி விட்டால் போதும். கேட்டுக்கு அடியில் நாலு விரல் இடைவெளி விட்டேன். உடைந்த பானையைக் கவிழ்த்து, பக்கத்தில் உரிமட்டையைக் குவித்தேன். பூச்சிமருந்து அடிப்பதை நிறுத்தினேன், ஏனென்றால் தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சும். குழாயடியில் சொட்டும் ஈரத்தில் ஒரு தேரை தினமும் அடிவயிற்றைத் தரையோடு அழுத்திப் பத்து நிமிஷம் அசையாமல் கிடக்கும். அதுதான் அதற்குத் தாகசாந்தி.

கார்த்திகையில் ஒருநாள், தொட்டிக்கு மேல் வளைந்த செம்பருத்திக் கிளையில் வெள்ளையாக ஒரு நுரை உருண்டை. வேலைக்கு வரும் அக்கா சோப்பு நுரை என்று மக்கில் தண்ணீர் எடுத்துவிட்டார். “அக்கா, அது தவள முட்ட” என்று ஓடினேன். மரத்தவளை தண்ணீருக்கு நேர்மேலே நுரை கட்டி முட்டையிடும்; பொரித்ததும் குஞ்சுகள் கீழே உதிரும். அவர் நம்பவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து வந்ததும் முதலில் அந்தக் கிளையைத்தான் பார்த்தார். நாலாம் நாள் கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கூப்பிட்டார்: “சார், உழுது சார், ஒவ்வொண்ணா உழுது!”